100 டாலருக்கு 800 நோட்டு

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் கற்பிக்கிறேன். பன்னாட்டு வணிகம் பற்றிய பாடத்தில் பொருளாதாரத் தடைக்கு எடுத்துக்காட்டாக ஈராக்கைச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "குண்டு போடுவதைவிடத் தடை நல்லதுதானே? உணவுக்கும் மருந்துக்கும் தடை இல்லை என்றீர்களே, பிறகு மக்கள் ஏன் அவ்வளவு துன்பப்பட்டார்கள்?" என்று கேட்டாள். இன்னொரு மாணவன், "ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்ததாகவும் படித்தேன், அது பொய்க் கணக்கு என்றும் படித்தேன். எது உண்மை?" என்றான். இரண்டுக்கும் எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. போர் முடிந்த பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தத் தடை அந்த நாட்டின் பொருளாதாரத்தை என்னதான் செய்தது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி கேட்ட கேள்வியை ஐ.நா. பாதுகாப்பு அவையில் கை தூக்கியவர்கள் 1990-லேயே கேட்டிருக்க வேண்டும். முதலில் அவளுக்குப் பதில் சொல்கிறேன். குழந்தைகள் பற்றிய கணக்குக்குப் பிறகு வருகிறேன். அதை அவசரமாகச் சொல்லக்கூடாது.

சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது 1990 ஆகஸ்ட் 2. நான்கே நாளில், ஆகஸ்ட் 6 அன்று, பாதுகாப்பு அவையின் 661-ஆம் தீர்மானம் வந்தது. ஈராக்கிலிருந்து எதையும் வாங்கக்கூடாது, ஈராக்குக்கு எதையும் விற்கக்கூடாது. மருந்துக்கு விலக்கு உண்டு. உணவுக்கும், மனிதாபிமானச் சூழ்நிலையில், விலக்கு உண்டு. நீங்கள் வகுப்பில் சொன்னது தவறில்லை. ஆனால் விலக்கு என்பது வாங்குவதற்கான அனுமதி. வாங்குவதற்கான பணம் எங்கிருந்து வரும்? ஈராக்குக்கு வந்துகொண்டிருந்த அந்நியச் செலாவணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெய் விற்ற காசு. அந்த எண்ணெயை விற்கக்கூடாது என்றாகிவிட்டது. வெளிநாட்டு வங்கிகளில் இருந்த பணமும் முடக்கப்பட்டது. சாப்பாட்டில் பெரும்பகுதியை, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, வெளியிலிருந்து வாங்கித் தின்ற நாடு அது. கடையைத் திறந்து வைத்துவிட்டு வாடிக்கையாளரின் மடியை அவிழ்த்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

குவைத்திலிருந்து ஈராக் படையை வெளியேற்றிய போர் 1991 பிப்ரவரி இறுதியில் முடிந்தது. தடை முடியவில்லை. ஏப்ரலில் வந்த 687-ஆம் தீர்மானம், பேரழிவு ஆயுதங்களைக் கைவிடும்வரை தடை தொடரும் என்றது. இடையில் மார்ச் மாதம் மார்ட்டி அத்திசாரி தலைமையில் ஐ.நா. குழு ஒன்று பாக்தாத் சென்று திரும்பியது. பிற்காலத்தில் பின்லாந்தின் அதிபராக இருந்து அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒரு நவீன நகரச் சமுதாயம் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்ற பொருளில் அவருடைய அறிக்கை எழுதப்பட்டிருந்தது. மின்நிலையங்கள் குண்டுவீச்சில் போயிருந்தன. மின்சாரம் இல்லாததால் நீரேற்றும் பம்புகள் ஓடவில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பும் நின்றது. உடைத்தது குண்டு. உடைந்ததைச் சரிசெய்யத் தேவையான உதிரிபாகத்தை வாங்கவிடாமல் செய்தது தடை. எனவே "குண்டா, தடையா" என்று உங்கள் மாணவி இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும்போது, ஈராக்கில் இரண்டும் அடுத்தடுத்து ஒரே உடம்பின் மீது விழுந்தன என்பதை அவளுக்குச் சொல்லுங்கள்.

ஈராக் மக்கள் அந்தக் காலத்தைத் தடை என்று சொல்வதில்லை. "ஹிஸார்" என்பார்கள். அரபு மொழியில் முற்றுகை என்று பொருள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். தடையால் பொருள் தட்டுப்பாடு வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். வந்ததுதான். ஆனால் தட்டுப்பாடு தீரக்கூடியது. கப்பல் வந்தால் மூட்டை இறங்கிவிடும். அந்த நாட்டில் உண்மையில் அழிந்தது சம்பளம். நான் இதை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். சொல்லும் ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் யாராவது ஒருவர் "சம்பளத்தை நிறுத்திவிட்டார்களா?" என்று கேட்பார். இல்லை. ஈராக் அரசு ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் பொறியாளருக்கும் மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. எண்ணெய் வருமானம் நின்றுபோன அரசு, வரி வசூலிக்கும் பழக்கமே இல்லாத அரசு, சம்பளத்துக்கு என்ன செய்யும்? நோட்டு அடித்தது.

அதுவரை ஈராக் தினாரின் அச்சு வேலை வெளிநாட்டில் நடந்தது. தடைக்குப் பிறகு அந்த வழியும் அடைபட்டது. உள்ளூரிலேயே மட்டமான தாளில், சதாமின் படத்தோடு அச்சிடத் தொடங்கினார்கள். நோட்டுக்கு நோட்டு நிறம் மாறியது, ஓரம் கோணலாக வெட்டுப்பட்டது, கள்ளநோட்டு அடிப்பவனுக்குக் கொண்டாட்டமாயிற்று. அரசின் ஏட்டில் ஒரு தினாருக்கு 3 டாலருக்கு மேல் மதிப்பு. அந்த விகிதம் ஏட்டில் அப்படியே கிடந்தது. தெருவில், 1995 முடிந்து 1996 தொடங்கும் சமயத்தில், ஒரு டாலர் வாங்க ஏறத்தாழ 3,000 தினார் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் சற்று இறங்கி, 2000-ஆம் ஆண்டையொட்டி 2,000 தினார் அளவில் நின்றது. பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த பெரிய நோட்டு 250 தினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 டாலரை மாற்றினால் 800 நோட்டு கைக்கு வரும். சட்டைப் பையில் வைக்க முடியாது, பை வேண்டும். கட்டுகளைப் பிரித்து எண்ணப் பொறுமை இருந்தவர்கள் குறைவு. கட்டு சரியாக இருக்கும் என்று நம்பி அப்படியே கைமாற்றினார்கள்.

இந்த நோட்டில்தான் ஆசிரியருக்குச் சம்பளம். தொண்ணூறுகளின் நடுவில் மாதம் சில ஆயிரம் தினார். டாலரில் சொன்னால் இரண்டோ மூன்றோ. ஒரு மாதச் சம்பளம் ஒரு தட்டு முட்டைக்குச் சரியாகப் போயிற்று என்று அந்தத் தலைமுறை ஈராக்கியர்கள் இன்றும் சொல்வார்கள். முப்பது முட்டை, முப்பது நாள் உழைப்பு. அந்த ஆசிரியர் என்ன செய்வார்? மாலையில் டாக்சி ஓட்டுவார். பிறகு காலையிலும் ஓட்டுவார். தனிப்பாடம் எடுப்பார்; தனிப்பாடத்துக்கு வராத பிள்ளைக்கு வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பார் என்பது அவருடைய மனசாட்சியைப் பொறுத்தது. அலுவலகத்தில் கோப்பை நகர்த்தக் காசு கேட்பது முதலில் வெட்கமாக இருந்திருக்கும். பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டும் என்ற நாளில் வெட்கம் போய்விடும். நான் இதை நியாயப்படுத்தவில்லை. லஞ்சம் ஒரு சமூகத்தின் குணம் என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, அவ்வளவுதான். ஈராக் 1978-ல் சட்டம் போட்டு முதியோர் எழுத்தறிவு இயக்கம் நடத்திய நாடு. பல்கலைக்கழகம்வரை கல்வியை இலவசமாகக் கொடுத்த நாடு. அங்கே ஓர் அரசு ஊழியரின் நேர்மைக்கு விலை என்ன என்பதை நோட்டு அச்சிடும் இயந்திரம் தீர்மானித்தது.

பாக்தாதில் முத்தனபி தெரு என்று ஒன்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுக் கவிஞரின் பெயர் கொண்ட புத்தகத் தெரு. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே தரையில் விரிப்பு விரித்துப் புத்தகம் விற்பார்கள். ஹிஸார் காலத்தில் அந்த விரிப்புகளில் பேராசிரியர்களின் சொந்த நூலகங்கள் வந்து விழுந்தன. முதல் பக்கத்தில் உரியவரின் பெயர் மையால் எழுதியிருக்கும். ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருக்கும். அரிசி வாங்குவதற்காக அகராதியை விற்றிருப்பார். புதிய நூல்கள் வெளியிலிருந்து வர வழியில்லாததால், எப்படியோ உள்ளே வந்த ஒரு பிரதியை ஒளிநகல் எடுத்து, கட்டுக் கட்டி, ரகசியமாகக் கைமாற்றினார்கள். படிப்பதை அந்த மக்கள் விடவில்லை. ஆனால் வசதி இருந்தவர்கள், வெளியில் வேலை கிடைத்தவர்கள், அம்மான் சாலையைப் பிடித்துப் போய்விட்டார்கள். விமானப் போக்குவரத்துக்கும் தடை இருந்தது. பாலைவனத்தின் வழியே ஜோர்டானுக்குச் செல்லும் அந்த நெடுஞ்சாலைதான் வாசல். அந்தச் சாலையில் போன மருத்துவர்களும் பொறியாளர்களும் பெரும்பாலும் திரும்பவில்லை.

"எண்ணெய்க்கு உணவு" திட்டம் வந்ததே என்று மாணவர்கள் கேட்பார்கள். வந்தது. அதன் கதையில் இரு தரப்பின் குற்றமும் இருக்கிறது, இரண்டையும் சொல்லுங்கள். 1991-லேயே, ஆறு மாதத்துக்கு 160 கோடி டாலர் வரை எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்கலாம் என்று பாதுகாப்பு அவை ஒரு வழி திறந்தது. இறையாண்மைக்கு இழுக்கு என்று சதாம் மறுத்தார். மக்கள் அரைவயிற்றோடு இருந்த அதே ஆண்டுகளில் அவர் அரண்மனைகள் கட்டிக்கொண்டிருந்தார். 1995-ல் 986-ஆம் தீர்மானம் வந்து, அடுத்த ஆண்டு மே மாதம் ஒப்பந்தமாகி, 1996 டிசம்பரில் எண்ணெய் ஓடத் தொடங்கி, முதல் உணவுக் கப்பல் வந்து சேர்ந்தது 1997 மார்ச்சில். ஐந்தரை ஆண்டுகள் வீணாயின. அந்தத் தாமதத்துக்கு ஈராக் அரசுதான் பெரும்பாலும் பொறுப்பு.

ஆனால் திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு அதன் விதிகளைப் பாருங்கள். எண்ணெய் விற்ற காசு ஈராக்குக்குப் போகவில்லை. நியூயார்க்கில் ஒரு வங்கியில் ஐ.நா. கட்டுப்பாட்டில் இருந்த கணக்குக்குப் போயிற்று. 100 டாலர் வந்தால் 30 டாலர் போர் இழப்பீட்டுக்காக ஜெனீவாவில் இருந்த ஆணையத்துக்கு, 13 டாலர் வடக்கே குர்து மக்கள் வாழும் மூன்று மாகாணங்களுக்கு, பிறகு ஐ.நா.வின் நிர்வாகச் செலவு, ஆயுத ஆய்வாளர்களின் செலவு. ஈராக்கின் மற்ற பகுதிகளுக்கு மிஞ்சியது 53 டாலர். அதுவும் பணமாக அல்ல, பொருளாக. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் எல்லாமே இங்கேதான் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு மத்திய, தென் ஈராக்கில் யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. உள்ளூர் உழவரிடம் கோதுமை வாங்க முடியாது. எல்லாம் வெளிநாட்டில் வாங்கிக் கப்பலில் வர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மேசை வரும், ஆசிரியரைப் பள்ளிக்கூடத்தில் இருத்தி வைக்கக் காசு வராது. கோதுமை மாவு ரேஷனில் ஏறத்தாழ இலவசமாக வரும், டைக்ரிஸ் கரையில் கோதுமை விளைவிப்பவனுக்கு நல்ல விலை கிடைக்காது. பணம் சதாமின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி அது; அந்த அச்சம் நியாயமானதுதான். அதன் விளைவு, மக்களின் கைக்கும் போகவில்லை.

ரேஷன் அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990 செப்டம்பரில் தொடங்கிய பங்கீடு அது: மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய், சோப்பு, கைக்குழந்தை இருந்தால் பால்மாவு. திட்டம் ஓடிய காலத்தில் ஓர் ஆளின் மாதப் பங்குக்குக் கட்டணம் 250 தினார், அதாவது அந்த மெல்லிய நோட்டில் ஒன்று. நிர்வாக ரீதியில் அது சாதனை. பட்டினிச் சாவு பெருகாமல் காத்தது அதுதான் என்று உணவுத் துறை வல்லுநர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அரசியல் ரீதியில் என்ன நடந்தது? சம்பளம் செத்துப்போன நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்பும் அரசு கொடுக்கும் ஒரு அட்டையில் தொங்கியது. யார் எங்கே குடியிருக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அரசின் பதிவேட்டில். சதாமை வீழ்த்துவதற்காக என்று நீட்டித்த தடை, சதாமின் கையில் குடிமக்களின் சோற்றுத் தட்டைக் கொடுத்துவிட்டது. கடத்தல் வழிகளும் ஆட்சிக்கு வேண்டியவர்களின் கையில்தான் இருந்தன. எண்ணெய் ஒப்பந்தங்களில் ரகசிய மேல்பணம் வாங்கினார்கள். ஐ.நா. அமைத்த, பால் வோல்க்கர் தலைமையிலான விசாரணைக் குழு 2005-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கொடுத்த சட்டவிரோதப் பணம் ஏறத்தாழ 180 கோடி டாலர்.

இறக்குமதி ஒப்பந்தங்களை, தடையைக் கண்காணித்த பாதுகாப்பு அவைக் குழுவின் உறுப்பு நாடு எதுவும் நிறுத்தி வைக்கலாம். ராணுவத்துக்கும் பயன்படலாம் என்று ஐயப்பட்டால் போதும். குளோரின், பம்பு, மின் உதிரிபாகம் என்று பலவும் இப்படி நின்றன. ஒரு பொருளுக்கு அனுமதி கிடைத்து அதோடு சேர வேண்டிய இன்னொன்று நின்றுபோனால், வந்த பொருள் கிடங்கில் தூசி படியும். 2002-ல் இப்படி நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒப்பந்தங்களின் மதிப்பு 500 கோடி டாலரைத் தாண்டியது. இந்தத் திட்டத்தை ஈராக்கில் நேரில் நடத்திய ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே 1998-ல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-ல் விலகினார். இருவருமே தடையைக் கண்டித்து விலகியவர்கள்.

இப்போது உங்கள் மாணவனின் கேள்வி. 1999-ல் யுனிசெஃப், ஈராக் அரசுடன் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பை வெளியிட்டது. மத்திய, தென் ஈராக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு, எண்பதுகளின் பிற்பகுதியில் ஆயிரத்துக்கு 56 ஆக இருந்து தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 131 ஆக ஏறியதாக அது சொன்னது. அதிலிருந்துதான் ஐந்து லட்சம் என்ற எண் நிலைபெற்றது. அதற்கும் முன்பே, 1996-ல், அரை மில்லியன் குழந்தைகள் பற்றித் தொலைக்காட்சியில் கேட்டபோது, அந்த விலை தகும் என்று ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட் சொன்ன பதில் உலகமெங்கும் பரவியது. அப்படிச் சொன்னது பெருந்தவறு என்று அவரே பிற்பாடு எழுதினார். ஆனால் 2003-க்குப் பிறகு நடந்த பல கணக்கெடுப்புகளில் அந்தப் பெரிய ஏற்றம் தென்படவே இல்லை. 2017-ல் டிம் டைசன், வலேரியா செட்டோரெல்லி என்ற இரு மக்கள்தொகை ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 1999-ன் தரவு சதாம் அரசால் திரிக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்களுடைய வாதம் வலுவானது, நான் ஏற்கிறேன். ஆகவே ஐந்து லட்சம் என்று வகுப்பில் சொல்லாதீர்கள்.

அந்த எண் பொய் என்று தெரிந்தவுடன் தடையால் பெரிய கேடு ஒன்றும் இல்லை என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். அதையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் லட்சக்கணக்கில் சாகவில்லை என்றால் நாம் நிம்மதி அடைய வேண்டும். அதோடு, அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் ரேஷன் மாவை வைத்துக்கொண்டு எப்படி அவர்களைக் காப்பாற்றினார்கள் என்றும் கேட்க வேண்டும். நகையை, மரச்சாமான்களை, கதவுகளைக்கூட விற்றார்கள். சாவு எண்ணிக்கையில் வராத அந்த இழப்பைத்தான் மேலே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தடைக்கு ஒரு பயனும் இல்லையா? இருந்தது. 2003 படையெடுப்புக்குப் பிறகு தேடிப் பார்த்தபோது பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆய்வாளர்களின் பணியும் ஆயுத இறக்குமதித் தடையும் அந்த வேலையைச் செய்திருந்தன. அதற்கு முழு வணிகத் தடை தேவைப்படவில்லை என்பது என் கருத்து. பாதுகாப்பு அவையும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்ததாகத் தெரிகிறது: ஈராக்கின் அனுபவத்துக்குப் பிறகு ஆட்களையும் ஆயுதங்களையும் குறிவைக்கும் தடைகளுக்கு மாறிவிட்டது. ஆனால் சம்பளம் பற்றிய பாடம் முழுதாகக் கற்கப்படவில்லை. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனதும் ஆப்கான் மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 700 கோடி டாலர். மாதக்கணக்கில் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் இல்லை. 2022-ன் தொடக்கத்தில் யுனிசெஃப் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு மாதங்கள் தலா 100 டாலர் நேரடியாகக் கொடுத்தது. சிறிய தொகைதான். ஈராக்கில் 1997-ல் இதைச் செய்திருந்தால் எத்தனை பள்ளிக்கூடங்கள் பிழைத்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

தடை 2003 மே மாதம் நீங்கியது. இழப்பீடு நீங்கவில்லை. பங்கு 5 விழுக்காடாகக் குறைந்தது, ஆனால் இடையில் சில ஆண்டுகள் நின்றாலும் பிடித்தம் தொடர்ந்தது. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை கட்டி முடித்தது 2022 ஜனவரியில். போர் நடந்த ஆண்டில் பாக்தாதில் பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பது வயது கடந்திருக்கும். ரேஷன் பங்கீடு இன்றும் நடக்கிறது. கோப்பை நகர்த்தக் காசு கேட்கும் பழக்கமும் தடையோடு போய்விடவில்லை.

உங்கள் வகுப்புக்கு ஒரு கேள்வி அனுப்புகிறேன். வடக்கே குர்துப் பகுதியில், தடைக்கு முன் அச்சிட்ட பழைய தினாரையே தொடர்ந்து பயன்படுத்தினார்கள். அதை "சுவிஸ் தினார்" என்பார்கள். பாக்தாத் அந்த நோட்டைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பின்னால் எந்த அரசும் இல்லை, எந்த மத்திய வங்கியும் இல்லை. கிழிந்து நைந்துகொண்டே இருந்தது. ஆனாலும் 2003 இறுதியில் புதிய நாணயம் வந்தபோது, சதாம் படம் போட்ட ஒரு தினாருக்கு ஒரு புதிய தினார்தான் கொடுத்தார்கள். அந்தக் கிழிந்த பழைய தினார் ஒன்றுக்கு 150 கொடுத்தார்கள். ஏன்? பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.